உங்கள் ஸ்டார் ஆட்டக்காரர் டீம் மாறிவிட்டால் என்ன செய்வது? வடசென்னை பாஸ்கட்பால் ரசிகர்களுக்கு

செய்தி வந்த அன்றைக்கு எதையும் எழுதிப் போடாதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டா ஸ்டோரி, குரூப்பில் நீளமான வாய்ஸ் நோட், ஒன்றும் வேண்டாம். முதலில் செய்தி உண்மையா என்று பாருங்கள், இந்த மாதிரி நேரத்தில் போலிக் கணக்குகள்தான் முந்திக்கொள்ளும். டல்லஸ் மேவரிக்ஸ் டீம் தன் ஸ்டார் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது என்ற செய்தி 2025 பிப்ரவரி 2ஆம் தேதி வந்தபோது அமெரிக்காவில் நள்ளிரவு, நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிகூட ஆகவில்லை, கறிக்கடை வரிசையில் நிற்கிற நேரம். செய்தியைச் சொன்ன நிருபர் ஷாம்ஸ் சரானியாவின் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்கள், இது நிஜம்தான் என்று அவரே மறுபடி எழுத வேண்டியிருந்தது.

நிஜம் என்று தெரிந்த பிறகும் ஒரு ராத்திரி பொறுங்கள். 2010 ஜூலை 8 அன்று லெப்ரான் ஜேம்ஸ் டிவியில் உட்கார்ந்து, கிளீவ்லாண்டை விட்டு மயாமிக்குப் போகிறேன் என்று அறிவித்தார். அன்று ராத்திரியே கிளீவ்லாண்ட் டீம் முதலாளி டான் கில்பர்ட் காட்டமாக ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார், லெப்ரானுக்கு முன்னால் நாங்கள் கப் அடிப்போம் என்று அதில் சவால் வேறு. லெப்ரான் 2012லும் 2013லும் மயாமியில் கப் அடித்தார். 2014ல் அதே கிளீவ்லாண்டுக்குத் திரும்பினார். அந்தக் கடிதம் அதுவரை டீமின் இணையதளத்திலேயே கிடந்தது, அவர் திரும்பப்போகிறார் என்று பேச்சு வந்தபோதுதான் எடுத்தார்கள். ஊரார் கோபத்தில் அவர் ஜெர்சிகளை எரித்ததும் அப்படித்தான் வீணாயிற்று. 2016ல் ஏழு மேட்ச் கொண்ட பைனல்ஸில் கோல்டன் ஸ்டேட் டீமிடம் 3-1 என்று பின்தங்கி, 4-3 என்று ஜெயித்து, அந்த டீமின் முதல் கப்பை வாங்கித் தந்தது அதே ஆள்.

அப்புறம், கோபப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் மேல் கோபப்படுவது என்பதை மட்டும் சரியாகப் பிடியுங்கள். அதற்கு அவர் எப்படிப் போனார் என்று தெரிந்தாக வேண்டும்.

ஒரு ஆட்டக்காரர் என்பிஏ என்கிற அமெரிக்க பாஸ்கட்பால் லீகுக்குள் வரும்போது டீமை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. டிராஃப்ட், அதாவது டீம்கள் வரிசையாகப் புது ஆட்களை எடுக்கும் நிகழ்ச்சியில், எந்த டீம் அவர் பெயரைச் சொல்கிறதோ அங்கேதான் போக வேண்டும், முந்தைய சீசனில் மோசமாகத் தோற்ற டீம்களுக்குத்தான் முதலில் கூப்பிடும் வாய்ப்பு அதிகம். அதாவது பதினெட்டு, பத்தொன்பது வயதில் முன்பின் தெரியாத ஊரில் கொண்டுபோய் விடுகிறார்கள், பல வருடம் கழித்து ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீ ஏஜென்ட் ஆகும்போதுதான் தன் இஷ்டத்துக்கு ஒரு டீமைப் பார்க்க முடியும். லெப்ரான் 2010ல் போனது அப்படி, கெவின் டூரண்ட் 2016ல் ஓக்லஹோமா சிட்டியை விட்டுப் போனதும் அப்படி. இரண்டாவது வழி ட்ரேட். ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டீம் அவரை இன்னொரு டீமுக்கு மாற்றிவிடும், சம்மதம் கேட்க வேண்டிய அவசியமில்லை. என்னை மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மூன்றாவது, ஆட்டக்காரரே என்னை ட்ரேட் பண்ணுங்கள் என்று கேட்பது, டேமியன் லில்லார்ட் பதினொரு சீசன் போர்ட்லாண்டில் ஆடிவிட்டு 2023ல் கேட்ட மாதிரி.

லூகா கேட்கவில்லை. 2024ல்தான் டல்லஸை பைனல்ஸ் வரை கூட்டிக்கொண்டு போயிருந்தார், எட்டு மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். டல்லஸிலேயே இருந்திருந்தால் அடுத்த கோடையில் சூப்பர்மேக்ஸ் என்கிற பெரிய ஒப்பந்தத்துக்குத் தகுதி வந்திருக்கும், ட்ரேட் ஆனதும் அதுவும் போயிற்று. டல்லஸ் ரசிகர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். லூகாவை ஒருவரும் திட்டவில்லை, ஸ்டேடியத்துக்கு வெளியே டல்லஸின் பழைய ஸ்டார் டிர்க் நோவிட்ஸ்கி சிலைக்குப் பக்கத்தில் சவப்பெட்டியே வைத்துத் துக்கம் கொண்டாடினார்கள், கோபம் மொத்தமும் ஜெனரல் மேனேஜர் நிக்கோ ஹாரிசன் மேல் போனது. மேட்ச் மேட்சாக அவரை வேலையை விட்டுத் தூக்கு என்று கத்தினார்கள், 2025 நவம்பரில் அவரைத் தூக்கியும் விட்டார்கள். போனவர் மேல் காட்டாமல் போகச் செய்தவர் மேல் காட்டிய கோபம், எனக்கு அதில் மரியாதை உண்டு.

தானாகப் போனவர் விஷயம்தான் சிக்கல். இங்கே நம் ஏரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கொருக்குப்பேட்டையிலோ புளியந்தோப்பிலோ ஒரு பையன் ஏரியா டீமில் நன்றாக ஆடுகிறான், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஐசிஎஃப்பிலோ சதர்ன் ரயில்வேயிலோ வேலை கிடைத்துவிடுகிறது என்றால், யாராவது அவனைத் துரோகி என்போமா? மாலை போட்டு, பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்புவோம். அடுத்த டோர்னமெண்டில் அவனே எதிர் டீமில் வந்து நம் தலைமேல் ஷாட் அடித்தாலும், கடுப்பாக இருக்கும், ஆனாலும் பக்கத்தில் நிற்பவனிடம் "நம்ம பையன்பா" என்றுதான் சொல்வோம். வீட்டுக்கு ஒரு சம்பளம் வர வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அந்தக் கண்ணோடு பார்த்தால் டீம் மாறுவதே தப்பு என்று சொல்ல வாய் வராது.

அப்படியும் டூரண்ட் போனது ஏன் அவ்வளவு வலித்தது என்றால், அவர் போனது கோல்டன் ஸ்டேட்டுக்கு. அதே சீசனில் கோல்டன் ஸ்டேட்டோடு ஆடிய ஏழு மேட்ச் தொடரில் ஓக்லஹோமா 3-1 என்று முன்னால் இருந்து, கடைசி மூன்று மேட்சையும் அவர்களிடம் விட்டு வெளியே வந்திருந்தது. தோற்கடித்தவர்கள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது மாதிரி ஆயிற்று. 2017, 2018 இரண்டு கப், இரண்டு தடவையும் பைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர், எல்லாம் சரி, முழு உரிமையும் அவருக்கு இருந்தது. ரசிகனுக்கு வருத்தப்படும் உரிமையும் இருந்தது. என் கருத்து இதுதான்: அவர் செய்தது நியாயமா என்பது ஒரு கேள்வி, எனக்கு வலிக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிப் பாருங்கள், பாதி சண்டை குறைந்துவிடும். நியாயம்தான், ஆனாலும் வலிக்கிறது என்று சொல்வதில் ஒரு கேவலமும் இல்லை.

சரி, ஜெர்சி. ஒவ்வொரு தடவையும் சின்னப் பசங்க கேட்பது இதைத்தான், "ணா, இத்த இன்னாணா பண்றது?" எரிக்காதீர்கள், வெட்டாதீர்கள், வண்டி துடைக்கப் போடாதீர்கள். பணம் சேர்த்து வாங்கிய ஒரிஜினலாக இருந்தாலும் சரி, எம்.சி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய காப்பியாக இருந்தாலும் சரி, உட்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் துவைத்து, நிழலில் காயப்போட்டு, நம்பர் மடியாத மாதிரி மடித்து வையுங்கள். நம்பர் மேல் அயர்ன் பாக்ஸ் படவே கூடாது, காப்பி ஜெர்சியில் அந்தப் பிளாஸ்டிக் எழுத்து ஓரத்தில் இருந்துதான் உரிய ஆரம்பிக்கும், ஒரு தடவை தூக்கிக்கொண்டால் அப்புறம் ஒட்டாது. புது டீம் ஜெர்சியை உடனே வாங்க ஓடாதீர்கள். கோர்ட்டுக்குப் பழையதைப் போட்டுக்கொண்டு போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். அந்த டீமில் அந்த நம்பரோடு அவர் ஆடிய ஆட்டம் நடந்த ஆட்டம்தானே.

இனி யாரைப் பார்ப்பது, ஆளையா டீமையா? டல்லஸில் பிறந்தவனுக்கு அது அவன் ஊர். வியாசர்பாடியில் இருந்து பார்க்கிற நமக்கு டல்லஸும் ஒன்றுதான், லாஸ் ஏஞ்சல்ஸும் ஒன்றுதான், நாம் ஒரு ஆளைப் பார்த்துத்தான் உள்ளே வந்தோம். அதனால் ஆளோடு சேர்ந்து நகர்ந்தால் அதைக் கட்சித் தாவல் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வருடக்கணக்கில் பார்த்ததில் சிலருக்கு அந்த டீமே பிடித்துப் போயிருக்கும், பெஞ்சில் இருக்கிற பையன் பெயர் வரை தெரிந்திருக்கும், அவர்கள் தங்கிவிடுவதும் நியாயம். உங்களுக்கு எது என்று தெரிய ஒரு வழி இருக்கிறது: கொஞ்ச நாள் எதையும் முடிவு செய்யாமல், காலையில் போனைத் திறந்ததும் கை எந்த ஸ்கோரை முதலில் தேடுகிறது என்று கவனியுங்கள். கையே சொல்லிவிடும்.

டீமோடு தங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள், பதிலுக்கு வந்தவரை வெறுக்காதீர்கள். லூகாவுக்குப் பதிலாக வந்த அந்தோணி டேவிஸ் முதல் மேட்சிலேயே 26 பாயிண்ட், 16 ரீபவுண்டு (தவறிய ஷாட்டில் பந்தைப் பிடிப்பது) எடுத்துவிட்டு அதே மேட்சில் காயத்தோடு வெளியே போனார், அந்த மனிதர் யார் இடத்தையும் கேட்டு வரவில்லை. சில சமயம் பதிலுக்கு வருபவர்தான் அடுத்த கதையே. 2019ல் பால் ஜார்ஜ் என்னை அனுப்புங்கள் என்று ஓக்லஹோமாவிடம் கேட்டார், லாஸ் ஏஞ்சல்ஸின் இன்னொரு டீமான கிளிப்பர்ஸ் அவருக்குப் பதில் ஷே கில்ஜஸ் அலெக்சாண்டரையும் ஒரு மூட்டை டிராஃப்ட் வாய்ப்புகளையும் கொடுத்தது, அதில் ஒன்றில் ஜேலன் வில்லியம்ஸ் வந்தார், 2025ல் ஓக்லஹோமா கப் அடித்தது. டூரண்ட் போய் ஒன்பது வருடம் கழித்து.

குரூப்புக்குள் சண்டை வந்தே தீரும். சிஎஸ்கே பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதும் இல்லை. 2023 பைனலில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்த ஜடேஜா 2025 நவம்பரில் ராஜஸ்தானுக்குப் போய், சஞ்சு சாம்சன் இங்கே வந்தபோது எத்தனை டீக்கடையில் எத்தனை பேர் பேசாமல் போனார்கள் என்று உங்களுக்கே தெரியும். அண்ணன்மார்களுக்குச் சொல்கிறேன், புது டீம் ஜெர்சியோடு கோர்ட்டுக்கு வருகிற பத்தாவது படிக்கிற பையனைக் கலாய்க்காதீர்கள். அவன் போஸ்டைப் பார்த்து வந்தானா, ஆட்டத்தைப் பார்த்து வந்தானா என்று விசாரணை நடத்த வேண்டாம். பந்தைக் கொடுங்கள், ஆடட்டும்.

பழைய ஊருக்கு அவர் முதல் தடவை எதிராளியாக வருகிற மேட்ச் இருக்கிறதே, அதைத் தவற விடாதீர்கள், முடிந்தால் கூட்டமாக உட்கார்ந்து பாருங்கள். லூகா டல்லஸுக்கு வந்தது இங்கே 2025 ஏப்ரல் 10 விடியற்காலை. சீட்டுக்குச் சீட்டு அவர் தாய்மொழியில் நன்றி என்று எழுதிய டி-ஷர்ட் வைத்திருந்தார்கள், பெரிய திரையில் பழைய வீடியோ ஓடியது, அவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அப்புறம் எழுந்து போய் 45 பாயிண்ட் அடித்து அவர்களைத் தோற்கடித்தார். வின்ஸ் கார்ட்டருக்கு இந்த மரியாதை கிடைக்கப் பத்து வருடம் ஆயிற்று. 2004 டிசம்பரில் டொராண்டோவை விட்டுப் போனவரை அந்த ஊர் வரும்போதெல்லாம் கூச்சல் போட்டு விரட்டியது, 2014ல்தான் எழுந்து நின்று கைதட்டினார்கள், அவரும் அழுதார். 2024ல் அவர் ஜெர்சியை ஸ்டேடியத்தின் உச்சியில் ஏற்றி மரியாதை செய்தார்கள். உங்களுக்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்பது உங்கள் மனசு, யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம், ஆளோடு நகர்கிறவர்களுக்கு. ஊர் மாறினால் மேட்ச் நேரமும் மாறும். குளிர்காலத்தில் டல்லஸ் ஹோம் மேட்ச் நமக்குக் காலை ஏழு மணி வாக்கில் ஆரம்பிக்கும், பாதியாவது பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் ஹோம் மேட்ச் பெரும்பாலும் எட்டரை, ஒன்பது மணி வாக்கில்தான் ஆரம்பிக்கும், அப்போது நீங்கள் வண்ணாரப்பேட்டை மெட்ரோவிலோ வகுப்பிலோ இருப்பீர்கள். லேக்கர்ஸ் நியூயார்க், பாஸ்டன் பக்கம் போய் ஆடும்போது ஐந்தரை, ஆறு மணிக்கே பார்த்துவிடலாம். அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி ஆடுவது நமக்கு ஞாயிறு காலை. சீசன் அட்டவணை வந்ததும் இந்த இரண்டு வகையையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், மற்றதை ஹைலைட்ஸில் பார்த்துக்கொள்ளலாம்.