பின் டிரம் பிரேக்: முதலில் கேபிளைத் தொடாதீர்கள்

பழைய காரில் ஹேண்ட்பிரேக் லீவர் அதிகமாக மேலே வருகிறதா? உடனே கேபிளை இறுக்காதீர்கள். பெரும்பாலும் தேய்ந்திருப்பது பிரேக் ஷூதான் (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் வளைந்த துண்டு). முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை முழுதாக விடுவித்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரம் சுற்றாமல் பிடிக்கும்வரை அட்ஜஸ்டரை (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) திருப்பி, அப்புறம் ஒன்றிரண்டு ‘கிளிக்’ தளர்த்துங்கள். பெடலை அழுத்தி மிதித்தால் ஷூக்கள் நடுவில் வந்து உட்காரும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். மறுபடி சுற்றிப் பாருங்கள். லேசாக ‘சர்ர்’ என்று உரசினால் பரவாயில்லை. இரண்டு பக்கமும் முடித்த பிறகும் லீவர் உயர்ந்தால் மட்டும் கேபிளுக்குப் போங்கள்.

டிரம்மைக் கழற்றினால் வீல் சிலிண்டரின் (பெடலை மிதிக்கும்போது ஷூக்களைத் தள்ளும் பாகம்) ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பாருங்கள். பிரேக் ஆயில் வழிந்தால் கசிவுதான், வண்டியை எடுக்காதீர்கள். ஷூவின் மேல் உரசும் பட்டையான லைனிங் பழையதாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள்.