வகைக்கெழுச் சமன்பாடு: மார்க் போகிற இடங்கள்

பாளையங்கோட்டையில் சாயங்கால நேரம் பி.எஸ்சி. பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு பையன் வகைக்கெழுச் சமன்பாட்டில், அதாவது ஓர் அளவு மாறும் வேகத்தைக் கொடுத்து அந்த அளவைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பாடத்தில், நியூட்டனின் குளிர்தல் விதிக் கணக்கு ஒன்றைப் போட்டுக் கொண்டுவந்தான். 90 டிகிரி டீ, சுற்றுப்புறம் 30 டிகிரி, 5 நிமிடத்தில் டீ 60க்கு இறங்குகிறது. 20 நிமிடம் கழித்து எவ்வளவு? அவன் விடை 17.8.

"ஏலே, மார்கழி விடியக்காலையிலகூட நம்ம ஊருல இப்படிக் குளிராதே. டீ மட்டும் எப்படிலே குளிர்ந்துச்சு?"

"ஸ்டெப்பு எல்லாம் கரெக்ட்தான சார்?"

ஸ்டெப் கரெக்ட்தான். ஆறும் வேகம் டீயின் வெப்பநிலையைப் பொறுத்தது என்று முதல் வரியில் எழுதிவிட்டான். டீக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது என்பதுதான் விதி. வித்தியாசம் 60, ஐந்து நிமிடத்தில் அது பாதியாகி 30. அப்புறம் 15, 7.5, 3.75. ஆக 33.75 டிகிரி. டீ எந்தக் காலத்திலும் 30க்குக் கீழே போகாது. விடையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்திருந்தாலே அவனுக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பேப்பரில் பிள்ளைகள் செய்யாத வேலையே அதுதான்.

அடுத்தது மாறிலி 'சி'. தொகையிட்ட கையோடு போட வேண்டியதை, எல்லாம் முடிந்தபின் கடைசியில் ஒட்டவைக்கிறார்கள். டிஒய் பை டிஎக்ஸ் சமம் ஒய் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்துத் தொகையிட்டால் லாக் ஒய் சமம் எக்ஸ் பிளஸ் சி. இதிலிருந்து ஒய் வருவது, ஒரு மாறிலி பெருக்கல் இ பவர் எக்ஸ். பலர் எழுதுவது இ பவர் எக்ஸ் பிளஸ் சி. அதை வகையிட்டால் சி காணாமல் போய் வெறும் இ பவர் எக்ஸ்தான் மிஞ்சும்; வலது பக்கத்தில் சி அப்படியே உட்கார்ந்திருக்கும். சி பூஜ்ஜியமாக இருந்தாலொழிய இரண்டு பக்கமும் சேராது.

மாறிகளைப் பிரிக்கும் ஆத்திரத்தில் ஒய்யால் வகுப்பதும் இதே ரகம். டிஒய் பை டிஎக்ஸ் சமம் ஒய் ஸ்கொயர் என்று கொடுத்து, எக்ஸ் பூஜ்ஜியத்தில் ஒய்யும் பூஜ்ஜியம் என்பார்கள். வகுத்துப் போட்டால் எந்த சி கொடுத்தாலும் அந்த நிபந்தனை ஒத்துவராது. ஒய் எப்போதும் பூஜ்ஜியம் என்பதே விடை. வகுத்தபோதே அதைத் தூக்கி எறிந்தாயிற்று. எதனால் வகுக்கிறீர்களோ அது பூஜ்ஜியமானால் என்ன ஆகும் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள்.

நேரியல் சமன்பாட்டில் தொகையீட்டுக் காரணி (தொகையிட வசதியாக இரண்டு பக்கத்தையும் பெருக்கும் கோவை) கண்டுபிடிக்குமுன் டிஒய் பை டிஎக்ஸின் கெழு 1தானா என்று பாருங்கள். எக்ஸ் ஒய் டேஷ் பிளஸ் 2 ஒய் சமம் எக்ஸ் ஸ்கொயர் என்று இருந்தால் (ஒய் டேஷ் என்பதும் டிஒய் பை டிஎக்ஸ்தான்), 2ஐ மட்டும் பார்த்து இ பவர் 2 எக்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் எக்ஸால் வகுக்க வேண்டும். அப்போது காரணி எக்ஸ் ஸ்கொயர். விடை, எக்ஸ் ஸ்கொயர் பை 4 பிளஸ் சி பை எக்ஸ் ஸ்கொயர்.

இரண்டாம் வரிசைக்கு வந்தால், பி.ஐ. பகுதி, அதாவது வலது பக்கத்துக்காகக் கண்டுபிடிக்கும் சிறப்புத் தீர்வு, தில்லாலங்கடி. ஒய் மேல் செயல்படுவது டி ஸ்கொயர் மைனஸ் 3 டி பிளஸ் 2 (டி என்றால் எக்ஸைப் பொறுத்து வகையிடு என்று அர்த்தம்), வலது பக்கம் இ பவர் எக்ஸ். வலது பக்கத்தை மேலே, டி கோவையைக் கீழே எழுதி, டிக்குப் பதில் அடுக்கில் எக்ஸின் கெழுவைப் போட வேண்டும். இங்கே அது 1; 1 போட்டால் கீழே பூஜ்ஜியம். உடனே விடை இல்லை என்று அடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மேலே ஓர் எக்ஸைப் பெருக்கி, கீழே உள்ளதை டியால் வகையிட்டு, மறுபடி 1 போட வேண்டும். மைனஸ் எக்ஸ் இ பவர் எக்ஸ் வரும். நம்பிக்கை இல்லையென்றால் சமன்பாட்டில் திருப்பிப் போட்டுப் பாருங்கள், மிச்சமில்லாமல் இ பவர் எக்ஸ் விழும்.

ஆரம்ப நிபந்தனை விஷயத்தில் நானே அடிபட்டவன். படிக்கும்போது செமஸ்டரில் சி.எஃப். (வலது பக்கத்தைப் பூஜ்ஜியமாக வைத்தால் வரும் விடை) வந்ததுமே நிபந்தனையைப் போட்டு இரண்டு மாறிலிகளையும் முடித்துவிட்டு, பி.ஐ.யைக் கடைசியில் கூட்டினேன். அந்தக் கேள்விக்குக் கிடைத்தது பாதி மார்க். இரண்டையும் கூட்டி முழு விடை எழுதிய பிறகே நிபந்தனையைத் தொட வேண்டும்.

தொட்டிக் கணக்கு வந்தால் பயப்படாதீர்கள். பாபநாசம் அணைக்கு நீர்வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை கனஅடி என்று பேப்பரில் போடுகிறானே, அதேதான்: மாறும் வேகம் என்பது வரவு கழித்தல் செலவு. ஆனால் 100 லிட்டர் தொட்டியில் நிமிடத்துக்கு 3 லிட்டர் உப்புத் தண்ணீர் வந்து 2 லிட்டர் போனால், டி நிமிடம் (இங்கே டி என்பது நேரம்) கழித்து உள்ளே இருப்பது 100 பிளஸ் டி லிட்டர். வெளியே போகும் உப்பைக் கணக்கிடும்போது உப்பின் அளவை அதனால்தான் வகுக்க வேண்டும். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் 100 என்றே போடுகிறார்கள், அங்கேயே கணக்கு கவிழ்ந்துவிடுகிறது.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வகைக்கெழுச் சமன்பாட்டில் குழப்பமே இல்லை; பகுதி பின்னமும் பகுதித் தொகையிடலும்தான் மறந்துபோயிருக்கின்றன. காலேஜ் திறக்குமுன் மேல்நிலைப் பள்ளிப் புத்தகத்தின் தொகை நுண்கணிதத்தை எடுத்து ஒரு வாரம் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.