மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்தும் வலி விடவில்லையா? இப்படிச் செய்து பாருங்கள்

ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, ஆனால் கை இழுக்கிறது, கால் எரிகிறது என்று வீட்டில் சொன்னால் "உயிர் பிழைச்சதே பெரிசு" என்பார்கள். சரி, பெரிசுதான். அதற்காக வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் குறைக்க வழி இருக்கிறது.

முதலில் எந்த மாதிரி வலி என்று பிரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மருந்து வேறு வேறு. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது மேல்கையின் உள்பக்கத்துக்குப் போகும் நரம்பு அடிபடுவது உண்டு. அந்த இடம் மரத்தும் கிடக்கும், ரவிக்கைக் கை உரசினாலே சுரீர் என்றும் இழுக்கும். பாக்லிடாக்செல் போன்ற கீமோ போட்டவர்களுக்கு விரல் நுனியிலும் பாதத்திலும் எரிச்சல், ஊசி குத்தல். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் காலையில் விரல் மடங்காது, முட்டி பிடித்துக்கொள்ளும்.

டாக்டரிடம் "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் ஒரு வலி மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும்: எங்கே, எரிச்சலா குடைச்சலா, பத்துக்கு எத்தனை, எந்த நேரம், என்ன செய்ததும் கூடியது, ராத்திரி தூங்கினீர்களா. இரண்டு வாரத் தாள்களை ஃபைலில் செருகிக் கொண்டுபோங்கள்.

நரம்பு வலிக்கு பாராசிட்டமால் பெரிதாகக் கேட்காது. கீமோவால் வந்த நரம்பு வலிக்கு ஆய்வுகளில் ஓரளவு பலன் காட்டியது டுலோக்செடின். மன அழுத்தத்துக்கும் அதையே கொடுப்பார்கள், மருந்துக் கடையில் யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். ஆனால் டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். டமாக்சிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதை டுலோக்செடின் குறைக்கக்கூடும். நரம்பு வலிக்கே பிரிகாபலின், காபாபென்டின் கொடுத்தால் தூக்கமும் தலைசுற்றலும் வரலாம், ஆனாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடையில் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையைப் பட்டையாக வாங்கி விழுங்குவதை விட்டுவிடுங்கள், சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆகாது.

பாதம் மரத்திருந்தால் அடிபட்டதே தெரியாது. குளிக்கிற வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் காலில் ஊற்றுங்கள். மதிய வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம், சாமி கோபித்துக்கொள்ளாது, காலை அல்லது சாயங்காலம் போகலாம். படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

மூட்டு வலிக்காக லெட்ரோசோலை நீங்களாக நிறுத்தாதீர்கள், வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இந்த வலிக்கு நடையும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் நன்றாகவே உதவுகின்றன. பத்து நிமிட நடையில் ஆரம்பியுங்கள். தோள் இறுகியிருந்தால் சுவரைப் பார்த்து நின்று விரல்களை மெல்ல மேலே ஏற்றி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்த வாரம் கோடு ஏறுகிறதா பாருங்கள். அப்புறம், வலி குறைந்த நாளில் ஒரு வாரத் துணியையும் துவைத்து, பரணையும் ஒழித்துவிட்டு மறுநாள் படுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல நாளிலும் பாதி வேலை, நடுவில் ஓய்வு.

இவ்வளவுக்கும் அடங்கவில்லையா? வலி நிவாரண சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது என்று உங்கள் ஆஸ்பத்திரியில் கேளுங்கள். சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்தே பலர் அந்தப் பக்கம் போவதில்லை. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

புதிதாக ஓர் இடத்தில் வலி வந்து வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போனாலோ, படுத்தால் முதுகு வலி கூடினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் காட்டுங்கள். முதுகு வலியோடு கால் வலுவிழந்தால், சிறுநீர் அடைத்துக்கொண்டால் அல்லது தெரியாமல் போனால், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், பழைய ஃபைலோடு.