தையல் ஆபரேட்டருக்கு ஸ்கில் மேட்ரிக்ஸ் போட எங்கே தேடுவது?

ஆடை வாங்கும் நிறுவனத்தின் ஆள், அதாவது பையர், ஆடிட்டுக்கு வருகிறார், தையல் லைனில் யாருக்கு எந்த வேலை எவ்வளவு தெரியும் என்று காட்டும் அட்டவணையை, அதாவது ஸ்கில் மேட்ரிக்ஸைக் கேட்கிறார், எச்ஆரில் புதிதாகச் சேர்ந்த உங்கள் தலையில் அது விழுகிறது. உடனே கூகுளில் "காம்பிடென்சி ஃப்ரேம்வொர்க்" என்று தேட வேண்டாம். வண்ண வண்ண ஸ்லைடுகள்தான் வரும், ஓவர்லாக் மிஷினில் உட்காருகிறவருக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது.

1. வேலையின் பெயரை வைத்துத் தேடுங்கள். தொழிற்கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான என்சிவிஇடி-யின் தேசியத் தகுதிப் பதிவேட்டுத் தளத்தில், ஒவ்வொரு வேலைக்கும் என்ன திறன் வேண்டும் என்ற கோப்புகள் எல்லாம் இலவசம். "டெய்லர்" என்று போட்டால் சொந்தமாகத் தைத்துப் பிழைப்பவருக்கானதும் வந்து நிற்கும், நமக்கு வேண்டியது "சூயிங் மிஷின் ஆபரேட்டர்".

2. கோப்பின் தேதியைப் பாருங்கள். 2013-ல் வந்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் 10 நிலைகள் இருந்தன, 2023 திருத்தத்தில் 8 ஆகி, நடுவில் 2.5, 3.5 என்று அரை நிலைகளும் வந்துவிட்டன. பழைய கோப்புகள் இன்னும் இணையத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

3. இங்கேதான் நிதானம் வேண்டும். கோப்பில் உள்ள குறியீட்டில் "க்யூ" இருந்தால் முழு வேலை, "என்" இருந்தால் அதற்குள் ஒரு பகுதிக்கான தரம். அந்தப் பகுதிக்குள் போனால் "பிசி" என்று எண் போட்ட வரிகளும் "கேயூ" என்று எண் போட்ட வரிகளும் இருக்கும். கேயூ என்பது தெரிந்திருக்க வேண்டியது, பிசி என்பது செய்து காட்ட வேண்டியது. பலரும் கேயூவை அப்படியே எக்ஸெலில் ஒட்டி எல்லோருக்கும் "ஆம்" போட்டுவிடுகிறார்கள், ஆடிட்டர் ஒரே ஒரு ஆபரேட்டரைக் கூப்பிட்டுச் செய்து காட்டச் சொன்னால் கதை முடிந்தது. பிசியை மட்டும் எடுத்து உங்கள் தொழிற்சாலைக்கு ஏற்ப எழுதுங்கள். "நன்றாகத் தைப்பார்" என்பதை எப்படி அளப்பது? "ஊசி உடைந்தால் துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டிவிட்டு, அப்புறம்தான் புது ஊசி வாங்குகிறார்" என்றால் பக்கத்தில் நின்று பார்த்து டிக் போடலாம். கோப்பின் கடைசியில் மதிப்பெண் அட்டவணை இருக்கும், அதில் தியரி வேறு, பிராக்டிகல் வேறு. ஆபரேட்டருக்கு நான் பிராக்டிகல் பத்தியைத்தான் எடுப்பேன்.

4. எப்படிச் சோதிப்பது என்பதற்கு ஆஸ்திரேலிய அரசின் டிரெய்னிங் டாட் கவ் டாட் ஏயூ. ஒவ்வொரு திறனுக்கும் என்ன ஆதாரம், எந்தச் சூழலில் பார்க்க வேண்டும் என்று தனி ஆவணமே வைத்திருக்கிறார்கள். அமெரிக்க அரசின் வேலை விவரத் தளமான ஓநெட் பணி விவரம் எழுத நல்லது, தேர்வு வைக்க உதவாது.

மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். எக்ஸெல் போதும்: கற்கிறார், உதவியோடு செய்கிறார், தனியாகச் செய்கிறார், மற்றவருக்குச் சொல்லித் தருகிறார் என்று நாலு நிலை.

பின்சேர்க்கை: சூப்பர்வைசர் எல்லோருக்கும் நாலு போட்டுவிடுகிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தன் லைனை அவரே மதிப்பிட்டால் அப்படித்தான் வரும். பக்கத்து லைன் சூப்பர்வைசரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், தேதியும் கையெழுத்தும் அவருடையதாக இருக்கட்டும்.