நச்சியல் ரிப்போர்ட்டில் மார்ஃபின் என்று இருந்தால் எப்படிப் படிப்பது

பிரேதப் பரிசோதனைக்கு அப்புறம், உடம்பில் என்னென்ன மருந்தும் விஷமும் இருந்தன என்று லேப் சொல்லும் நச்சியல் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லோர் கண்ணும் நேராக எண்ணுக்குத்தான் போகும். வக்கீலோ போலீஸோ புதிதாகச் சேர்ந்த ஃபோரன்சிக் மாணவரோ, யாரானாலும் சரி, "மார்ஃபின் 180 என்று போட்டிருக்கிறதே, இது ஆளைக் கொல்லுகிற அளவா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மார்ஃபின் என்பது அபினிலிருந்து எடுக்கும் பலமான வலிநிவாரணி. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். எந்தத் திரவம், உடம்பில் எந்த இடத்திலிருந்து எடுத்தது, இறந்து எவ்வளவு நேரம் கழித்து எடுத்தது, இந்த மூன்றும் தெரியாமல் 180 என்ற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அலகையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒரு லேப் லிட்டருக்கு மில்லிகிராம் என்று எழுதும், இன்னொன்று மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று எழுதும், 0.18 என்பதும் 180 என்பதும் அங்கே ஒன்றேதான்.

மார்ஃபினிலிருந்து செய்யும் ஹெராயினையே எடுத்துக்கொள்வோம், உடம்பில் அது மறுபடி மார்ஃபினாகும் வழி தெளிவாக இருக்கும். ஊசியில் ஏறிய ஹெராயின் ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் ஹெராயினாக இருக்கும். எஸ்டரேஸ் என்கிற நொதிகள் அதிலிருந்து ஒரு அசிட்டைல் துண்டைக் கழற்றிவிட, அது 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் ஆகிறது, சுருக்கமாக 6-மாம். அதுவும் ரத்தத்தில் அதிக நேரம் தங்காது, மார்ஃபினாகிவிடும். மார்ஃபின் பாதியாகக் குறைய 2 முதல் 3 மணி நேரம் ஆகும். கல்லீரல் அதோடு குளுகுரோனைடை ஒட்டி எம்3ஜி, எம்6ஜி என்ற இரண்டாக மாற்ற, சிறுநீரகம் அவற்றை வெளியே தள்ளும். எம்3ஜி வலியைப் போக்காது, ஆனால் எம்6ஜி மார்ஃபின் மாதிரியே வேலை செய்யும். சிறுநீரகம் கெட்டுப்போன நோயாளிக்குச் சாதாரண அளவில் மார்ஃபின் கொடுத்தாலும் மூச்சு மந்தமாகிப் போவதற்கு இது ஒரு காரணம்.

அதனால் ரிப்போர்ட்டில் "ஹெராயின் காணப்படவில்லை" என்று இருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். 6-மாம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஹெராயின்தான், ஆஸ்பத்திரியில் போட்ட மார்ஃபினோ, அபினில் இருக்கும் இன்னொரு வலிமருந்தான கோடீனோ 6-மாம் ஆக மாறுவதில்லை. கள்ளச்சந்தை ஹெராயினில் அசிட்டைல்கோடீன் கலந்திருக்கும், அது உடம்பில் கோடீனாகும், அதனால் மார்ஃபின் நிறையவும் கோடீன் கொஞ்சமாகவும் சேர்ந்து வருவதும் அதே பக்கம்தான் கை காட்டும். கோடீன் நிறைய, மார்ஃபின் கொஞ்சம் என்று தலைகீழாக வந்தால் கோடீன் மாத்திரையையோ இருமல் மருந்தையோ யோசியுங்கள், ஏனென்றால் கோடீனில் ஒரு பகுதியைக் கல்லீரலே மார்ஃபினாக்கிவிடும். கடைசியாகக் கோடீன் எடுத்து நேரமாகியிருந்தால் இந்த விகிதம் மாறும், அதையும் மனதில் வையுங்கள்.

6-மாம் ரத்தத்தில் இல்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டிய இடம் கண். விழிக்குள் இருக்கும் கூழ் போன்ற திரவம், ஒரு கண்ணுக்கு 2 மில்லி அல்லது கொஞ்சம் கூடக் கிடைக்கும். வெளி ஓரத்தில் ஊசியை இறக்கி மெதுவாக, மிக மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் விழித்திரைத் துணுக்குகள் கலந்து வந்துவிடும். எடுத்த பிறகு உப்புநீரை உள்ளே செலுத்தி விழியைப் பழையபடி உப்ப வைத்துவிடுவார்கள், வீட்டார் முகம் பார்க்க வேண்டுமே. இந்தத் திரவத்துக்கு இரண்டு நல்ல குணங்கள். வயிறும் இதயமும் இருக்கும் இடத்திலிருந்து அது தள்ளி இருப்பதால் அழுகல் சீக்கிரம் எட்டாது. அப்புறம் ரத்தத்தில் இருப்பது போல எஸ்டரேஸ் அதில் இல்லாததால் ரத்தத்தில் காணாமல் போன 6-மாம் அங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். ஒரே குறை, மருந்து ரத்தத்திலிருந்து கண்ணுக்குள் போகத் தாமதமாகும், சட்டென்று இறந்தவரின் கண்ணில் மார்ஃபின் ரத்தத்தை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

ரத்தம் என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ரத்தம் என்று கேளுங்கள். உயிர் போனதும் உடம்புக்குள் மருந்து அசையாமல் நின்றுவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கல்லீரல், நுரையீரல், இதயத் தசை இவற்றில் சேர்ந்திருந்த மருந்து செல்கள் சிதையச் சிதைய அருகிலிருக்கும் ரத்தத்துக்குள் கசிந்து வரும். அதனால் இதய ரத்தத்தில் எண் கூடிக்கொண்டே போகும், தொடைச் சிரை ரத்தத்தில் அவ்வளவாகக் கூடாது. மார்ஃபினில் இது மிதம்தான். கொழுப்பில் நன்றாகக் கரையும் ஃபென்டனில் என்ற செயற்கை வலிமருந்தில் பெரிய வித்தியாசம் வரும், அதே வகையான மெதடோனும் நகரும். சரியான முறை என்னவென்றால், தொடைச் சிரையை மேல் பக்கம் கட்டிவிட்டு அதற்குக் கீழிருந்து எடுப்பது. கட்டாமல் உறிஞ்சினால் வயிற்றுப் பக்கத்துப் பெரிய சிரையிலிருந்து ரத்தம் இறங்கி வந்து கலந்துவிடும், லேபிளில் மட்டும் தொடை ரத்தம் என்று இருக்கும். ரத்தம் கெடாமல் காக்கும் சோடியம் ஃப்ளோரைடைக் குழாயில் போட்டார்களா, குளிரில் வைத்தார்களா என்பதையும் பாருங்கள்.

சிறுநீரில் இருக்கும் எண்ணை ரத்தத்து எண்ணோடு ஒப்பிடவே கூடாது. சிறுநீர்ப்பை ஒரு உண்டியல், அது பல மணி நேரமாகச் சேர்ந்ததை வைத்திருக்குமே தவிர, அந்த ஆள் கடைசி நிமிடத்தில் எந்த நிலையில் இருந்தார் என்று சொல்லாது. ஆனால் நேரம் கணிக்க அது உதவும். ஒரு கற்பனை ரிப்போர்ட் வைத்துக்கொள்ளுங்கள்: தொடை ரத்தத்தில் ஒட்டாத மார்ஃபின் (அதாவது குளுகுரோனைடு ஒட்டாமல் தனியாக இருப்பது) மில்லிலிட்டருக்கு 180 நானோகிராம், 6-மாம் இல்லை, கண்ணில் 6-மாம் உண்டு, சிறுநீரில் மார்ஃபின் ஏறக்குறைய இல்லை. ஹெராயின் ஏறிச் சிறுநீரகம் வேலையைத் தொடங்குவதற்குள்ளேயே உயிர் போயிருக்கிறது என்று இதைப் படிக்கலாம். அதே ரத்த எண்ணோடு சிறுநீரில் மார்ஃபினும் குளுகுரோனைடும் கொட்டிக் கிடந்தால், அவர் பல மணி நேரம் மயங்கிக் கிடந்திருக்கலாம், அல்லது அதற்கு முன்னாலும் ஹெராயின் எடுத்திருக்கலாம். ஒட்டாத மார்ஃபினுக்கும் மொத்த மார்ஃபினுக்கும் உள்ள விகிதமும் இதே கதையைத்தான் சொல்லும்: ஒட்டாதது அதிகமென்றால் சாவு வேகமாக வந்திருக்கிறது. உடல் அழுகியிருந்தால் மட்டும் இதை நம்பாதீர்கள், பாக்டீரியா குளுகுரோனைடை உடைத்து மறுபடி மார்ஃபினாக்கிவிடும். சிறுநீர் கிடைக்கவில்லையா, பித்தத்தைக் கேளுங்கள். மார்ஃபின் குளுகுரோனைடு அங்கே செறிந்து கிடக்கும். உட்கொண்டாரா என்பதற்கு அது நல்ல சாட்சி, எவ்வளவு என்பதற்கு அல்ல.

உயிரோடு இருப்பவரின் சிறுநீர் டெஸ்ட்டில் நம்மவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு, கசகசா. அதில் ஒட்டியிருக்கும் மார்ஃபினும் கோடீனும் நிஜமாகவே சிறுநீரில் வரும். அமெரிக்க அரசு வேலை டெஸ்ட்டில் 1998-ல் ஓபியேட் (அபின் வகை மருந்து) வரம்பை மில்லிலிட்டருக்கு 300-லிருந்து 2000 நானோகிராமுக்கு உயர்த்தியதில் இந்த விதைகளுக்கும் பங்கு உண்டு. கசகசாவில் 6-மாம் வராது. குருமாவுக்கு ஆகுமே என்று துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ பொட்டலம் கட்டி எடுத்துப் போகாதீர்கள், அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

ஸ்கிரீனிங் என்கிற முதல்கட்டச் சோதனை நெகட்டிவ் என்றாலும் எதற்கு நெகட்டிவ் என்று கேட்க வேண்டும். அதற்குப் பயன்படும் சாதாரண ஓபியேட் இம்யூனோஅசே (ஆன்டிபாடியை வைத்துத் தேடும் சோதனை) ஃபென்டனில், மெதடோன், டிராமடால் எதையும் பிடிக்காது. அதற்கெல்லாம் மூலக்கூறை எடையால் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வேண்டும். அபின் வகை மருந்துக்கு மாற்று மருந்தான நாலாக்சோன் என்று ஒரு வரி வந்திருந்தால் யாரோ காப்பாற்றப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஆம்புலன்ஸ் குறிப்பைத் தேடுங்கள். போதைப் பழக்கத்தை விடக் கொடுக்கும் சில பியூப்ரெனார்ஃபின் மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும்.

திரவமே மிஞ்சவில்லை என்றால் தசை. 1998-ல் இங்கிலாந்தின் ஹைட் ஊரில், தன் நோயாளிகளையே கொன்ற டாக்டர் ஹரால்ட் ஷிப்மேன் வழக்கில் அதுதான் நடந்தது. அவருடைய நோயாளியாக இருந்து, ஜூனில் இறந்து புதைக்கப்பட்ட 81 வயதுப் பெண்மணியை ஆகஸ்டில் தோண்டியெடுத்தபோது தொடைத் தசையில் மார்ஃபின் கிடைத்தது. அந்தம்மாவே போதைப் பழக்கம் உள்ளவர் என்று காட்ட ஷிப்மேன் நோயாளிக் குறிப்புகளில் பழைய தேதி போட்டுச் சேர்த்திருந்தார், கம்ப்யூட்டர் பதிவு நேரம் அதைக் காட்டிக்கொடுத்தது. 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்குத் தண்டனை.

இப்போது அந்த 180-க்கு வருவோம். தினமும் எடுத்துப் பழகிய ஒருவர் அந்த அளவோடு எழுந்து நடமாடுவார், மறுவாழ்வு மையத்திலோ சிறையிலோ சில வாரம் விட்டுவிட்டு வெளியே வந்தவர் அதைவிடக் குறைவிலேயே போய்விடுவார். பழக்கம் இருந்ததா என்று சொல்ல எந்தத் திரவத்துக்கும் வக்கில்லை, முடிதான் சொல்லும். மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்வதால் துண்டு துண்டாக வெட்டிச் சோதித்தால் எந்த மாதம் எடுத்தார், எந்த மாதம் விட்டார் என்று ஓரளவு தெரியும். உச்சந்தலையின் பின்பக்கம் தோலை ஒட்டி வெட்டி, வேர்ப்பக்கம் எது என்று தெரியும்படி நூல் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். கட்டாமல் கவரில் கொத்தாகப் போட்டு அனுப்பினால் லேப்காரர்களால் மாதக் கணக்கு எதுவும் சொல்ல முடியாது.