குறைந்த செலவில் தீவுப் பயணம்: இருவராகப் புறப்படுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் வளர்ந்தவர்களுக்குக் கச்சான் காற்று என்றால் கடல் அடங்கும் காலம். வைகாசியில் தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து அனலாக வீசும். முற்றத்தில் புழுதி பறக்கும், வாவியில் சிற்றலை ஓடும், ஆனால் பாசிக்குடாக் கடல் குளம்போலக் கிடக்கும். அந்த நினைப்பில்தான் திருமணமான முதல் வருடம், ஆனி மாதத்தில், நானும் இவரும் யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் பார்க்கப் போனோம். குறிகாட்டுவான் இறங்குதுறையை விட்டு நெடுந்தீவுப் படகு வெளிக்கடலுக்கு வந்த சிறிது நேரத்தில் ஓர் அலை விளிம்பைத் தாண்டி வந்து என் மடியில் விழுந்தது. அடுத்த அலைக்கு இவர் வாந்தி எடுத்தார். பக்கத்தில் அரிசி மூட்டையை அணைத்தபடி இருந்த அம்மா ஒருவர் தன் பையிலிருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதை முகர்ந்துகொண்டிருக்கச் சொல்லுங்கள் பிள்ளை. சோளகத்தில் யாராவது ஊர் பார்க்க வருவார்களா? பங்குனியில் வந்திருக்கலாமே" என்றார்.

நமக்குக் கச்சான், அவர்களுக்குச் சோளகம். இரண்டும் ஒரே தென்மேற்குப் பருவக்காற்றுதான். அது நம் பக்கம் வந்து சேர்வதற்குள் மலைநாட்டைக் கடந்து, ஈரத்தையெல்லாம் அங்கே கொட்டிவிட்டு, தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அதனால் கிழக்குக் கரையில் அலை அடங்கிப்போகிறது. நெடுந்தீவு பாக்கு நீரிணையில் திறந்த வெளியில் கிடக்கிறது. அங்கே அதே காற்றை மறிக்க நிலம் எதுவும் இல்லை. நம் ஊர்க் கடலைப் பார்த்து அந்தக் கடலைக் கணித்ததுதான் நாங்கள் செய்த முதல் தவறு. கிழக்கிலிருந்து போகிறவர்கள் பலர் இதையே செய்கிறார்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது செலவுக் கணக்கின் முதல் வரி என்று இப்போது சொல்வேன். கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிட்டால் ஒரு நாள் அறை வாடகையும் இரண்டு பேரின் மூன்று வேளைச் சாப்பாடும் கூடுதலாக ஏறும். அதைச் சமாளிக்கும் சிக்கனம் எதுவும் கிடையாது. கிழக்குக் கரையில் நிலாவெளிக்கு அப்பால் உள்ள புறாத்தீவைப் பார்க்க வைகாசி முதல் புரட்டாசி வரை நல்ல காலம். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் மாசி, பங்குனி, சித்திரை நல்லவை. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டுமானால் இரு பருவக்காற்றுகளுக்கும் இடையே காற்று தளர்ந்திருக்கும் பங்குனிக் கடைசியும் சித்திரையும்தான் பொருந்தும். சித்திரையில் வெயில் கடுமையாக இருக்கும். புத்தாண்டு வாரத்தில் பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது. ஆகவே அந்த ஒரு வாரத்தை விட்டுவிடுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை நம் வீதிகளிலேயே வெள்ளம் நிற்கும். அப்போது தீவுப் பேச்சே வேண்டாம்.

தீவுகளை எண்ணிக்கையாகப் பார்ப்பது

அந்த முதல் பயணத்துக்கு நான் கொப்பியில் எழுதிவைத்த திட்டம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று நாள், ஐந்து தீவு: நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைநகர். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் விரல் நுனிகளைப்போல அருகருகே தெரியும். ஆனால் ஒவ்வொரு தீவுக்கும் வழி இறங்குதுறையிலிருந்துதான் தொடங்குகிறது. நெடுந்தீவிலிருந்து அனலைதீவுக்கு நேரே தாவிவிடலாம் என்று எண்ணியிருந்தோம். உண்மையில் குறிகாட்டுவானுக்குத் திரும்பி, மறுபடி பஸ் பிடித்து, ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கே படகுக்குக் காத்திருக்க வேண்டும். அரைநாள் அதிலேயே கரைந்துவிடும். காரைநகருக்குப் பாலத்து வீதி இருப்பதால் அதை எந்த நாளிலும் சேர்த்துக்கொள்ளலாம். படகு தேவைப்படும் தீவு ஒரு நாளுக்கு ஒன்று. அதற்கு மேல் திட்டமிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு, இரவு பஸ்ஸில் போய் இறங்கிய காலையிலேயே படகு ஏறியது. ஓர் இரவின் அறை வாடகை மிச்சம் என்று நான்தான் சொன்னேன். இரவு முழுவதும் உட்கார்ந்தபடி போய் யாழ்ப்பாணத்தில் விடியும்போது இறங்கினோம். முகம் கழுவி, தேநீர் குடித்து, குறிகாட்டுவானுக்குப் போகும் 776ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறினோம். வேலணையைத் தாண்டிப் புங்குடுதீவுக்குப் போகும் அந்த வீதி கடலுக்கு நடுவே போகிறது. இரு பக்கமும் ஆழமற்ற தண்ணீர், மீன் பிடிக்க நடப்பட்ட களங்கண்டித் தடிகள், வெயிலில் பளபளக்கும் சேறு. அந்தப் பாதையைப் பார்ப்பதற்காகவே போகலாம். நாங்கள் இருவரும் தலை தொங்கத் தூங்கிக்கொண்டு போனோம். துறையில் எழும்பியபோது பசி, தலைவலி, வெறும் வயிறு. படகில் நடந்ததை மேலே சொன்னேன். நெடுந்தீவில் இறங்கியதும், ஒரு இளநீர் வாங்குவதா இரண்டு வாங்குவதா என்பதில் எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. பணம் அதற்குக் காரணமே இல்லை. இருவரும் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. இரவு பஸ்ஸில் போவதானால் மறுநாளை யாழ்ப்பாண நகரத்துக்கென விட்டுவிடுங்கள். கோட்டையையும் நல்லூரையும் ஆறுதலாகப் பார்த்து, நன்றாகத் தூங்கி, மூன்றாம் நாள் காலையில் படகு ஏறுங்கள்.

ஊரவரின் படகைச் சுற்றுலாப் படகாக நினைப்பது

இதைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். நெடுந்தீவுப் படகுதான் அந்த ஊரின் வீதி. ஆசிரியர்களும் தாதியரும் அதில்தான் வேலைக்குப் போகிறார்கள். நோயாளி அதில்தான் வைத்தியசாலைக்கு வருகிறார். எரிவாயுச் சிலிண்டரும் சீமெந்துப் பையும் கோழிக்கூடும் அதில்தான் போகின்றன. கட்டணம் குறைவாக இருப்பது அவர்களுக்காகத்தான். நாம் பத்துப் பேர் முண்டியடித்து முதலில் ஏறிவிட்டால் ஊரவர் ஒருவர் துறையில் நின்றுவிடக் கூடும். நமக்கு அது ஒரு பயணம், அவருக்கு அன்றைய கூலி. ஆகவே முன்கூட்டியே துறைக்குப் போய், வரிசையில் நின்று, ஊரவர் ஏறிய பிறகு ஏறுங்கள். வார இறுதியையும் விடுமுறை நாளையும் தவிர்த்தால் இந்த நெருக்கடியே இராது.

படகு நேரம் மாறும். பழைய தகவலை நம்பிப் போய் ஏமாந்தவர்களை நாங்கள் போன இரண்டு முறையும் அந்தத் துறையில் பார்த்தேன். முதல் நாள் மாலையே விடுதிக்காரரிடமோ பஸ் சாரதியிடமோ கேளுங்கள். தீவில் இறங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடமே கேட்டு உறுதிசெய்வது. இருவரில் ஒருவர் கேட்டிருப்பார் என்று மற்றவர் இருந்துவிடக் கூடாது.

என் அம்மம்மாவின் ஊர் மண்டூர். எங்கள் சிறுவயதில் அங்கே போகக் குருமண்வெளித் துறையிலிருந்து பாதையில்தான் வாவியைக் கடப்போம். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைப் படகை. மோட்டார் சைக்கிள்களும் நெல் மூட்டைகளும் ஆட்களும் நெருங்கி நிற்கும் அந்தத் தட்டையான பாதையில் அம்மம்மா என் கையை விடவே மாட்டார். கரை தொடும் முன் யாரும் அசையக் கூடாது, ஒரு பக்கம் சாயக் கூடாது என்பார். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தபோது நம் மாவட்டத்தில் பாதை ஏறிப் பழகிய ஒவ்வொரு வீடும் கலங்கியது. படகில் ஆட்கள் நிறைந்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றினால் ஏறாதீர்கள். அடுத்த படகுக்காக இரண்டு மணி நேரம் காத்திருங்கள். உயிர்காப்பு அங்கி கொடுத்தால் மடியில் வைத்திருக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா. அந்த நாட்களில் துறையில் கூட்டம் அலைமோதும். வழிபாட்டுக்குப் போகிறவர்கள் போகட்டும், தீவு பார்க்க மட்டும் போகிறவர்கள் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

பணத்தை இருவரும் பேசாமல் புறப்படுவது

குறைந்த செலவில் போவது என்று ஒப்புக்கொண்டாலே போதும் என்று நினைத்தோம். போதாது. இவருக்குக் குறைந்த செலவு என்றால் மலிவான அறை, நல்ல சாப்பாடு. எனக்குச் சுத்தமான குளியலறை, மின்விசிறி. சாப்பாடு இடியப்பமும் சம்பலும் என்றாலும் சரி. இதை யாழ்ப்பாணத்து விடுதி வாசலில் நின்றுகொண்டுதான் கண்டுபிடித்தோம். இப்போது புறப்படும் முன் ஆளுக்கு ஒன்றைச் சொல்லிவிடுவோம். அந்த ஒன்றில் மிச்சம் பிடிக்கும் பேச்சு வராது. அவருக்கு ஒரு நாள் நண்டுக் கறிச் சோறு, எனக்கு நல்ல அறை. மற்ற எல்லாவற்றிலும் இறுக்கிப் பிடிப்போம். ஒரு சிறிய துணிப்பையில் இருவரும் சமமாகப் போட்ட பணம், அன்றன்றைய கணக்கு எழுத ஒரு கொப்பி. பேரம் பேசுவது யார் என்பதையும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர் "பரவாயில்லை, கொடுத்துவிடுங்கள்" என்று சொல்வதைப்போல எரிச்சல் தருவது வேறு இல்லை.

வாகனமும் தனிப்படகும் ஆளுக்கு இவ்வளவு என்றிராமல் முழுவதற்கும் இவ்வளவு என்று பேசப்படும். இருவராகப் போகிறவர்களின் பையைப் பதம் பார்ப்பது இதுதான். புறாத்தீவுக்கு நிலாவெளிக் கரையில் படகு பிடிக்கும்போது இரண்டு பேருக்கும் எட்டுப் பேருக்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்று. கரையில் அரை மணி நேரம் நின்று இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொண்டால் உங்கள் பங்கு பாதியாகும். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது, நுழைவுச் சீட்டு தனி. உள்நாட்டவர் கட்டணம் குறைவு என்பதால் இருவரும் அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். அட்டை விடுதிகளிலும் கேட்கப்படும். தண்ணீருக்குள் களைத்துப்போனால் பலர் பவளப் பாறையில் கால் ஊன்றி நிற்கிறார்கள். நின்ற இடத்தில் அது செத்துவிடும். நீந்தத் தெரியாதவர் மணலில் இருக்கட்டும்.

நெடுந்தீவில் முச்சக்கர வண்டிக்காரரிடம் எந்தெந்த இடம், எத்தனை மணி நேரம், மொத்தம் எவ்வளவு என்ற மூன்றையும் ஏறும் முன் பேசிவிடுங்கள். படகில் உங்களோடு வந்தவர்களோடு சேர்ந்து பிடித்தால் இன்னும் நல்லது. அங்கே பல கிணறுகளில் தண்ணீர் உவர். குடிநீரை நகரத்திலிருந்தே போதுமான அளவு கொண்டு போங்கள். மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் இறங்கியதும் சொல்லிவைக்க வேண்டும். சொன்னவர்களுக்குத்தான் உலை வைப்பார்கள். வங்கி அட்டையை நம்பாமல் சிறிய தாள்களாகக் காசு வைத்திருங்கள்.

நயினாதீவில் அம்மன் கோயிலை ஒட்டிய அமுதசுரபி மண்டபத்தில் மதியம் அன்னதானம் உண்டு. சிக்கனப் பயணிகள் அதை இலவசச் சாப்பாட்டுப் பட்டியலில் சேர்ப்பதைக் கேட்டிருக்கிறேன். அது பசித்து வந்த அடியாருக்கு அம்மன் சந்நிதியில் இடும் சோறு. சாப்பிடுங்கள், ஆனால் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், உங்களால் முடிந்ததை உண்டியலில் போடுங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், அருகிலுள்ள நாக விகாரைக்கு முழங்காலும் தோளும் மூடிய உடை வேண்டும். பையில் ஒரு வேட்டியும் ஒரு சால்வையும் இருந்தால் போதும்.

தங்காமல் திரும்பிவிடுவது

இரண்டாம் முறை மாசி மாதத்தில் போனோம். ஐந்து தீவை இரண்டாகக் குறைத்து, நெடுந்தீவில் ஓர் இரவு தங்கினோம். பகல் படகில் வந்தவர்கள் பெருக்க மரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையையும் அவசரமாகப் பார்த்துவிட்டுத் துறைக்கு ஓடிய பிறகு ஊர் அடங்கியது. பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளின் நிழல் தெருவில் நீண்டது. முதல் பயணத்தில் தூரத்துப் புள்ளிகளாக மட்டும் பார்த்த குதிரைகளில் ஒன்று, குட்டியோடு, நாங்கள் உட்கார்ந்திருந்த மதிலுக்குப் பத்தடி தள்ளி வந்து நின்றது. குட்டியின் முதுகில் மணல் ஒட்டியிருந்தது. இவர் கைத்தொலைபேசியை எடுக்கப் போனவர் எடுக்காமல் விட்டுவிட்டார். அறை வாடகையைச் சேர்த்தாலும் இந்தப் பயணத்தின் செலவு முந்தையதைவிடக் குறைவு. இடங்களைக் குறைத்ததால் பஸ்ஸும் படகும் வண்டியும் குறைந்தன.

கடைசியாக ஒன்று: திரும்பும் நாளுக்கும் வேலைக்குப் போகும் நாளுக்கும் இடையே ஒரு நாளை வெறுமையாக விடுங்கள். கடல் எச்சரிக்கை வந்தால் படகு ஓடாது. திங்கட்கிழமை பாடசாலையில் கையொப்பம் இட வேண்டும் என்பதற்காக மோசமான கடலில் ஏறும் நிலை யாருக்கும் வரக் கூடாது. நாங்கள் விட்டிருந்த நாள் தேவைப்படவில்லை. அதை யாழ்ப்பாணத்திலேயே கழித்தோம். இவர் மதியம் வரை தூங்கினார். நான் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் அம்மம்மாவுக்குப் பனங்கட்டிக் குட்டான் நான்கு வாங்கினேன். கொப்பியில் கடைசி வரி அந்தக் குட்டான்களின் விலை.