ஊர்க் கபடிக்கு நடுவராக நிற்பது எப்படி? முதன்முறை விசில் எடுப்பவர்களுக்கு

பொங்கல் முடிந்து வேலூர்ப் பக்கம் காளை விடும் விழாக்கள் ஊர் ஊராக நடக்கும்போதே கபடிப் போட்டிக்கும் நோட்டீஸ் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். வைகாசியில் அம்மன் திருவிழாக்கள் வந்துவிடும். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற மாதம் என்பதால் ஆட்டமெல்லாம் ராத்திரியில், ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில். ஆட அணிகள் நிறைய இருக்கின்றன. நடுவராக நிற்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. கடைசி நேரத்தில் பழைய ஆட்டக்காரர் யாராவது ஒருவர் கையில் விசிலைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி விசில் வாங்கிக்கொள்ளப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

உள்ளூர் அணியும் வெளியூர் அணியும் மோதும் ஆட்டத்தை மனதில் வைத்துத்தான் எல்லாவற்றையும் சொல்கிறேன். கூட்டம் முழுக்க ஒரு பக்கம் கத்தும். இன்னொரு பக்கம் பன்னிரண்டு பேரும் அவர்கள் வந்த வேனும் மட்டும்தான். பெரும்பாலான சண்டைகள் ஆட்டத்துக்கு முன்னால் பேசி முடிக்காமல் விட்ட விஷயத்திலிருந்தே கிளம்புகின்றன. அதனால் நடுவரின் வேலையில் பாதி, முதல் விசிலுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

களத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள்

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அகலத்தில் இரண்டு ஓரமும் ஒவ்வொரு மீட்டர் லாபி. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதிலிருந்து 1 மீட்டர் தள்ளி போனஸ் லைன். பெண்களுக்கு 12-க்கு 8. பாக் லைன் 3 மீட்டரில் வரும். ஊர்களில் காலடி வைத்து அளந்து கோடு போட்டுவிடுவார்கள். ஒரு பாதியில் பாக் லைன் அரை அடி முன்னால் இருந்தால் போதும், அந்தப் பக்கம் பாடிக்கொண்டு ஏறுகிற ஆட்டக்காரருக்கு, அதாவது ரைடருக்கு, வேலை சுலபமாகிவிடும். அளக்கும்போது இரண்டு கேப்டன்களையும் கூடவே நடக்கச் சொல்லுங்கள்.

மண் களம் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களே ஒரு சுற்று நடந்து பாருங்கள். மண்ணோடு எருவும் மரத்தூளும் கலந்து மெத்தென்று இருக்க வேண்டும். பாலாற்றங்கரை ஊர்களில் வெறும் மணலைக் கொட்டிச் சமன் செய்துவிடுகிறார்கள்; திரும்பும்போது கால் புதைந்து முட்டி பிசகும். சுண்ணாம்புக் கோடு பத்து நிமிஷத்தில் அழிந்துவிடும். ஒரு பையனைச் சுண்ணாம்புத் தூளோடு ஓரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு டைம் அவுட்டிலும் கோட்டைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

கேப்டன்களை ஒன்றாக நிற்கவைத்துப் பேசுங்கள்

2014-ல் புரோ கபடி வந்த பிறகு, 2017-ல் தமிழ் தலைவாஸ் அணியும் சேர்ந்த பிறகு, டி.வி.யில் பார்க்கும் விதியெல்லாம் நம் ஊர் ஆட்டத்திலும் உண்டு என்று ஆட்டக்காரர்களும் கூட்டமும் நினைத்துக்கொள்கிறார்கள். போட்டி நடத்தும் விழாக்குழுவோ பழைய முறையை மனதில் வைத்திருக்கும். மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் கூடுதலாக ஒரு பாயின்ட் தரும் சூப்பர் டேக்கிள் உண்டா? இரண்டு ரைடு வெறுமனே போனால் மூன்றாவதில் பாயின்ட் எடுத்தே ஆக வேண்டும் என்கிற டூ ஆர் டை உண்டா? ஒரு பாதி 20 நிமிஷமா, நிறைய அணிகள் வந்துவிட்டதால் குறைத்திருக்கிறார்களா? டைம் அவுட் எத்தனை? சமநிலை வந்தால் என்ன செய்வது? ஒவ்வொன்றையும் வாய்விட்டுக் கேட்டு, இருவரும் ஒப்புக்கொண்டதை ஸ்கோர் ஷீட்டின் மேலேயே எழுதி வையுங்கள். எடைப் பிரிவுப் போட்டியானால் எடை போடும்போது எதிரணியிலிருந்து ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

பக்கக் கோட்டில் நிற்கும் இரண்டு அம்பயர்களில் ஒருவரை உள்ளூரிலிருந்தும் இன்னொருவரை வெளியூரிலிருந்தும் போட்டால் நியாயமாக இருக்கும் என்று விழாக்குழு சொல்லும். வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். அப்படிப் போட்டால் இருவரும் தத்தம் அணிக்கு வக்கீலாகிவிடுவார்கள். இரண்டு பேருமே மூன்றாவது ஊர்க்காரர்களாக இருப்பதுதான் சரி.

நம் பகுதிக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு வாணியம்பாடியும் ஆற்காடும்கூட வெளி மாவட்ட அணிகளாகிவிட்டன. காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் போட்டி என்றால் சித்தூரிலிருந்தும் அணி வரும். உங்களுக்குத் தெலுங்கு தெரியும் என்பதற்காக அவர்களைத் தனியாக அழைத்து விளக்காதீர்கள். தள்ளி நிற்கும் உள்ளூர் அணிக்கு அது வேறு மாதிரி தெரியும். இரண்டு கேப்டன்களும் எதிரில் இருக்கும்போது தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை சொல்லுங்கள். களத்தில் இறங்கிய பிறகு கையும் விசிலும் பேசட்டும்.

நகம், மோதிரம், எண்ணெய், காப்பு

நகம் வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், செயின், வளையம் எதுவும் கூடாது. உடம்பில் எண்ணெய் தடவியிருக்கிறார்களா என்று முழங்கையைத் தொட்டுப் பாருங்கள். திருவிழா நாளில் ஒரு சங்கடம் வரும்: விரதமிருந்து காப்புக் கட்டிய பையன் அதைக் கழற்ற மாட்டான். கழற்றச் சொல்வதும் முறையில்லை. மஞ்சள் கயிறு என்றால் அதன் மேல் துணி டேப் சுற்றிக்கொண்டு ஆடச் சொல்வேன், எதிரணி கேப்டனிடமும் அதைக் காட்டிவிடுவேன். உலோகமாக இருந்தால் எவ்வளவு நல்ல ஆட்டக்காரர் என்றாலும் களத்தில் இறக்க மாட்டேன்.

யார் எதைப் பார்ப்பது

முறைப்படி இறுதி முடிவு சொல்லும் ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர் வேண்டும். ஊரில் அத்தனை பேர் கிடைப்பது அபூர்வம். இரண்டு அம்பயர் இல்லாமல் மட்டும் ஆட்டத்தை ஆரம்பிக்காதீர்கள். இரண்டு பேரும் எதிரெதிர் பக்கக் கோட்டில் நின்று, ரைடர் போகிற பாதிக்கு ஏற்ப நகர வேண்டும்.

புதிதாக நிற்பவரின் கண் ரைடரின் கையோடேயே போய்விடும். ஆட்டம் பார்க்கப் பழகிய கண் அப்படித்தான். அதை மாற்றிக்கொள்வதற்குத்தான் உண்மையான பயிற்சி தேவைப்படும். முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்: ரைடர் எந்த அம்பயரின் பக்கம் ஒதுங்குகிறாரோ, அந்த அம்பயர் லாபிக் கோட்டையும் கால்களையும் பார்ப்பார். எதிரில் இருப்பவர் கை படுகிறதா, ஜெர்சியைப் பிடிக்கிறார்களா என்று பார்ப்பார். உதவி ஸ்கோரர்கள் பின்கோட்டில் உட்கார்ந்தால் போனஸ் லைனும் எல்லைக் கோடும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கண்ணோடு காதும் வேண்டும். 'கபடி கபடி' என்கிற பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும், மூச்சு அறக்கூடாது. மைக் செட் அலறிக்கொண்டிருந்தால் அது எப்படிக் கேட்கும்? ரைடு நடக்கும்போது மைக்கில் யாரும் பேசக்கூடாது, நீங்கள் கை காட்டும் முன் பாயின்ட்டை அறிவிக்கக்கூடாது என்று மைக் பிடிப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "நம்ம பசங்களுக்கு ஒரு பாயின்ட்!" என்று மைக்கில் ஒருமுறை வந்துவிட்டால், அதற்கு மாறாக நீங்கள் தரும் சரியான தீர்ப்பும் கூட்டத்துக்குத் தப்பாகத்தான் தெரியும்.

ஒரு ரைடை எப்படித் தொடர்வது

ரைடர் நடுக்கோட்டைத் தாண்டுமுன் பாட்டு ஆரம்பித்துவிட்டதா? தாமதமானால் அவரைத் திருப்பி அனுப்புங்கள். எதிரணிக்கு ஒரு டெக்னிக்கல் பாயின்ட், ரைடு வாய்ப்பும் அவர்களுக்கே. ரைடருக்கு இருப்பது 30 விநாடி. அதற்குள் பாக் லைனைத் தாண்ட வேண்டும், அல்லது யாரையாவது தொட வேண்டும். இரண்டும் இல்லாமல் திரும்பினால் அவர் அவுட். தாண்டியதாகக் கணக்கில் எடுக்க, முன்கால் கோட்டுக்கு அப்பால் ஊன்றும்போது பின்கால் தரையில் இருக்கக்கூடாது. போனஸ் லைனுக்கும் இதே கணக்குதான். எதிரில் ஆறு பேராவது இருந்தால்தான் அந்தக் கோட்டைத் தாண்டியதற்குப் போனஸ் பாயின்ட். ரைடர் கோட்டைத் தொடும் முன் தலைகளை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எண்ணினால் குழப்பம் வரும். போனஸ் எடுத்தபின் பிடிபட்டால் ரைடிங் அணிக்கு ஒன்று, பிடித்த அணிக்கு ஒன்று.

யாரும் யாரையும் தொடாத வரை லாபி வெளியிடம்தான். அதில் கால் வைத்தவர், ரைடராக இருந்தாலும் பிடிப்பவராக இருந்தாலும், அவுட். தொட்ட நொடியிலிருந்து லாபியும் களம். உள்ளூர் ஆட்டங்களில் அதிகமாகச் சண்டை வருவது இந்த ஒரு நொடியில்தான். முதலில் தொடலா, முதலில் லாபியா? அதைப் பார்த்த அம்பயர் விசிலை இழுக்காமல் உடனே ஊத வேண்டும். இரண்டு விநாடி யோசித்து ஊதினால், கூட்டம் கத்தியதற்குப் பயந்து ஊதினார் என்ற பேச்சு வந்துவிடும்.

பிடி விழுந்த பிறகு அவசரமே வேண்டாம். நான்கு பேர் மேலே விழுந்திருக்கும்போது ரைடரின் மூச்சு இருக்கிறதா, விரல் நுனியாவது நடுக்கோட்டை எட்டியதா என்பதுதான் கேள்வி. குனிந்து, முடிந்தால் மண்டியிட்டே பாருங்கள். பாட்டு அறாமல் கோட்டை எட்டிவிட்டால் அவர் தப்பித்தார், பிடித்த அத்தனை பேரும் அவுட். கைகால்களையும் உடலையும் மட்டுமே பிடிக்கலாம். முடியை, ஜெர்சியை இழுப்பது, பாட்டை நிறுத்த வாயைப் பொத்துவது, கால்களைக் கத்தரி போட்டு மடக்குவது எல்லாம் குற்றம். அப்படிப் பிடிபட்ட ரைடர் அவுட் இல்லை. வாய் பொத்துவதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதே இல்லை. மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம் அது. முதல் முறையே கார்டை எடுங்கள்.

தீர்ப்பைச் சொல்லும் விதம்

விசில் ஒரு முறை, அழுத்தமாக. பிறகு அவுட்டானவரைக் கையால் காட்டி, பாயின்ட்டை விரலில் காட்டி, காரணத்தை ஒரே சொல்லில் சொல்லுங்கள்: "லாபி", "மூச்சு", "போனஸ்". காரணம் காதில் விழுந்துவிட்டால் வெளியூர் அணி பாதி அடங்கிவிடும். "இன்னா சார், கை பட்டுச்சு, பாத்தீங்களா இல்லியா?" என்று ஏழு பேரும் சூழ்ந்துகொண்டால், "கேப்டன் மட்டும் பேசுங்க தம்பி" என்று சொல்லி மற்றவர்களை இடத்துக்கு அனுப்புங்கள். இரண்டு அம்பயர்களும் வேறு வேறு சொன்னால் ரெஃப்ரி முடிவு செய்வார். அதற்குமேல் பேச்சு இல்லை.

பச்சைக் கார்டு எச்சரிக்கை. மஞ்சள் என்றால் இரண்டு நிமிஷம் வெளியே. சிவப்பு என்றால் அந்த ஆட்டமே இல்லை. உள்ளூர் அணிக்குக் கார்டு காட்ட வேண்டிய முதல் சந்தர்ப்பத்தை விட்டுவிட்டால், அதே குற்றத்துக்கு வெளியூர் அணிக்குப் பிறகு காட்டவே முடியாது. ஊர்ப் பெரியவர் யாராவது கோட்டருகே வந்து நின்றால் கும்பிட்டு, "ஐயா, நாற்காலியில உக்காருங்க, ஆட்டம் முடிஞ்சதும் பேசலாம்" என்று சொல்லுங்கள். அவர் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த ரைடு.

கணக்கு

அவுட்டானவர்கள் போன வரிசையிலேயே திரும்ப வர வேண்டும். எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால் தம் அணியில் ஒருவருக்கு உயிர் வரும். போனஸுக்கும் டெக்னிக்கல் பாயின்ட்டுக்கும் உயிர் இல்லை. ஏழு பேரும் போய்விட்டால் லோனா, கூடுதலாக 2 பாயின்ட், ஏழு பேரும் மறுபடி உள்ளே. இடைவேளைக்குப் பின் பக்கம் மாறும், ஆனால் முதல் பாதி முடிந்தபோது எத்தனை பேர் நின்றார்களோ அத்தனை பேர்தான் இறங்க வேண்டும். இடைவேளையில் இரண்டு கேப்டன்களுக்கும் அதுவரை வந்த ஸ்கோரைக் காட்டிவிடுங்கள். தப்பு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

முடிந்ததும்

நாக்அவுட்டில் சமநிலை என்றால் அணிக்கு ஐந்து ரைடு. அப்போது பாக் லைனே போனஸ் லைனாகவும் கணக்கு. இறுதி விசில் ஊதியதும் மைக்கில் முடிவைச் சொல்ல விடாதீர்கள். ஷீட்டைக் கூட்டிச் சரிபார்த்து, இரண்டு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். தோற்ற அணியின் கேப்டன் செல்போனில் ஷீட்டைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். யாருக்காவது அடிபட்டிருந்தால் அதை ஷீட்டின் கீழே நேரத்தோடு குறித்துவிட்டு, அதன் பிறகு மைக்கைக் கொடுங்கள்.